அப்பாவின் கல்வெட்டில் மறதி நோயை எழுதலாமா?

31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் அதைப் போடலாமா என்று கேட்டீர்கள். எழுதலாம். ‘கடைசி ஆறு வருடம் அல்சைமர் நோயோடு வாழ்ந்தார்’ என்று ஒரு வரி போதும். அந்தியேட்டிக்கு வரும் சனத்தில் பாதிப்பேர் ‘அறளை பேர்ந்திட்டுது’, வயதுபோய்ப் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் கதைத்திருப்பார்கள். அது மூளையில் வந்த வருத்தம் என்று தெரியட்டும்.

‘அதிகம் பேசாத மனுசன், எழுத ஒன்றுமே வருகுதில்லை’ என்றீர்கள். பராமரித்த வருடங்கள் முன்னால் நிற்பதால் பழையவை மறைந்திருக்கும். எனக்கும் மாமா காலமானபோது, அவர் என்னைப் பார்த்து ‘தம்பி ஆர்?’ என்று கேட்டதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அம்மாவிடம் ‘அப்பா எப்படிப்பட்டவர்’ என்று கேட்காதீர்கள். ‘நல்லவர்’ என்று முடித்துவிடுவார். விடிய எழும்பி முதலில் என்ன செய்வார் என்று கேட்டுப் பாருங்கள். இந்த நோயில் பெரும்பாலும் புதிய ஞாபகங்கள்தான் முதலில் போகும். கை பழகிய வேலை கனகாலம் நிற்கும். எங்கள் பெயர்கள் போன பிறகும் மாமா பொழுதுபட்டால் படலைக் கொளுவியைப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். கல்வெட்டில் அதைத்தான் எழுதினோம்.

ஒன்று: டாக்டர் அல்சைமர் என்று சொல்லியிருந்தால் மட்டும் அந்தப் பெயரைப் போடுங்கள், இல்லாவிட்டால் ‘மறதி நோய்’ போதும். வழி தவறிப் போனது, உடுப்பு நனைந்தது எல்லாம் வேண்டாம். அச்சுக்குக் கொடுக்கமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பிறகு, 31ஆம் நாளுக்கு ஒரு கிழமை முன்னமே அச்சகத்துக்குப் போங்கள். அவசரத்தில் அடித்தால் படம் கறுத்துப்போய் வரும்.