ஈறில் ரத்தம்: நீங்கள் பயப்படுவது ஒன்று, பார்க்க வேண்டியது வேறொன்று

கேள்வி: எனக்கு 47 வயது. எட்டு மாதமாகப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. உப்பும் கரியும், கிராம்பு எண்ணெய், எண்ணெய்க் கொப்பளிப்பு, வைட்டமின் சி மாத்திரை எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். மெடிக்கலில் கேட்டு மூன்று முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். நிற்கிறது, மறுபடி வருகிறது. வாய் நாற்றமும் உண்டு. கீழ் முன்பற்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விழுந்த மாதிரி இருக்கிறது, வயசாகிறதல்லவா. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். என் கணவர் சிகரெட் பிடிக்கிறவர், பல்லைச் சரியாகத் துலக்குவதுகூட இல்லை, அவருக்கு ஒரு சொட்டு ரத்தம் வருவதில்லை. ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும் என் மகளுக்கும் இப்போது ஈறில் ரத்தம். என் சித்தப்பா ரத்தப் புற்றுநோயில் இறந்தார். அவருக்கும் இப்படித்தான் ஈறில் ரத்தம் வந்தது. இணையத்திலும் அதையேதான் போட்டிருக்கிறார்கள். ராத்திரி தூக்கம் வருவதில்லை. ரத்தப் பரிசோதனை எடுத்து இணைத்திருக்கிறேன். பல் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்கிறார்கள். வீட்டிலேயே சரிசெய்ய வழி சொல்லுங்கள், டாக்டர்.
– வாசகி, அறந்தாங்கி

பதில்: அம்மா, உங்களுக்கு ரத்தப் புற்றுநோய் இல்லை. இன்று இரவு தூங்குங்கள்.

நீங்கள் அனுப்பிய பரிசோதனையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வெள்ளணுக்கள் 7,800. தட்டணுக்கள் 2 லட்சத்து 60 ஆயிரம். ஹீமோகுளோபின் 12.1. மூன்றுமே இருக்க வேண்டிய அளவில் இருக்கின்றன. ஈறில் ரத்தம் கசியும் அளவுக்கு அந்த நோய் வந்திருந்தால் இந்த எண்கள் இப்படி இருக்காது. உங்கள் சித்தப்பாவுக்கு ஈறில் மட்டும் ரத்தம் வந்திருக்காது, விசாரித்துப் பாருங்கள். ஈறே வீங்கிப் பல்லின் மேல் ஏறி வரும். பிரஷ் படாமலே வாயில் ரத்தம் ஊறும். தோலில் சிவப்புப் புள்ளிகளும் காரணமில்லாத கன்றல்களும் தெரியும். காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கும், முகம் வெளிறும், ஆள் சில வாரங்களிலேயே படுத்துவிடுவார். எட்டு மாதமாகத் துலக்கும்போது மட்டும் வந்து, வாய் கொப்பளித்ததும் நின்றுவிடுகிற ரத்தம் அந்த வகை கிடையாது.

ஈறில் ரத்தம் என்று தேடினால் இணையம் புற்றுநோயைத்தான் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். உங்கள் பல்லில் என்ன படிந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் எட்டு மாதம் அதைப் படித்துப் பயந்த நேரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நான் கவலைப்பட வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் 'வயசாகிறதல்லவா' என்று கடந்து போய்விட்டீர்கள்.

கீழ் முன்பற்களுக்கு நடுவே புதிதாக விழுந்த இடைவெளி. அதுதான் விஷயம்.

வயதானால் தலை நரைக்கும். ஆனால் முன்பு நெருக்கமாக இருந்த பல் வயதால் மட்டும் விலகி, நீண்டு, முன்னால் சாய்வதில்லை. அப்படி விலகினால், அதைத் தாங்கும் எலும்பு உள்ளே கரைகிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆற்றங்கரையில் மண் அரித்த மரம் எப்படிச் சாய்கிறதோ, அப்படி. ஈறு அழற்சி என்பது ஈறோடு நிற்கிற நோய், முழுதாகச் சரியாகிவிடும். அது உள்ளே இறங்கி எலும்பைத் தொட்டுவிட்டால் கதை வேறு. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. மேலும் கரையாமல் நிறுத்தலாம், நன்றாகவே நிறுத்தலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

ஒரு காரியம் செய்யுங்கள். நாக்கு நுனியால் கீழ் முன்பற்களின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தட்டுப்பட வேண்டும். உங்களுக்கு அங்கே ஒரே சுவர் மாதிரி, சொரசொரவென்று இருக்கும் என்று நினைக்கிறேன். அதுதான் காரை. பல்லில் படியும் கிருமிப் படலத்தைத் துலக்கி எடுக்காமல் விட்டால் சில நாட்களிலேயே எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து கெட்டியாகத் தொடங்கும். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் திறப்பது அந்த முன்பற்களுக்குப் பின்னால்தான் என்பதால் காரை அங்கே முதலில் கட்டும். கட்டிவிட்டால் பிரஷ்ஷால் வராது, உப்பால் வராது, எந்தப் பல்பொடியாலும் வராது. அதன் சொரசொரப்பில் மேலும் மேலும் கிருமி ஒட்டும். பக்கத்திலிருக்கும் ஈறு சிவந்து உப்பி, தொட்டால் ரத்தம் விடும்.

ரத்தம் வருவதற்குக் காரணம் ஈறு 'வீக்' ஆனது என்று பலரும் நினைக்கிறார்கள். 1965ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஈறு நன்றாக இருந்த சிலரைப் பல் துலக்குவதையே நிறுத்தச் சொன்னார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வார அளவில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. ஈறில் குறை ஒன்றுமில்லை, படலம் தங்கியதுதான் குறை. எனவே ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டுத் துலக்குவது, பெரும்பாலானவர்கள் செய்வது, நோயை வளர்க்கும். ரத்தம் வருகிற இடத்தில்தான் பிரஷ் போக வேண்டும், மெதுவாகப் போக வேண்டும்.

சரி, இதோடு சர்க்கரை எங்கே வந்தது? நீங்கள் அனுப்பிய காகிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.9 என்று இருக்கிறது. அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக எலும்புக்கு இறங்கும். ஈறில் சீழும் அழற்சியும் இருந்தால் சர்க்கரை இறங்க மறுக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகும். ஈறுக்கு முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் இந்தச் சராசரி சுமார் 0.4 அளவுக்குக் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. சிறிய எண்ணாகத் தெரியலாம், மாத்திரையைக் கூட்டாமல் கிடைக்கிற குறைவு அது. உங்களைப் பார்க்கும் சர்க்கரை மருத்துவரிடம் ஈறு விஷயத்தையும், பல் மருத்துவரிடம் சர்க்கரை எண்ணையும் சொல்லுங்கள்.

இனி, சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்கிற பயம். இதைச் சொல்லிச் சொல்லியே நம் ஊரில் எத்தனையோ பேர் ஐம்பது வயதில் பல்செட்டுக்கு வந்திருக்கிறார்கள். நடப்பது இதுதான்: எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆட வேண்டிய பல்லைக் காரை பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். காரையை எடுத்ததும் பல்லின் உண்மையான நிலை தெரியும். வீங்கியிருந்த ஈறு வற்றி இறங்குவதால் இடைவெளியும் பெரிதாகத் தெரியும். சில வாரம் பச்சைத் தண்ணீர் பட்டால் கூசும். பிறகு ஈறு இறுகும், லேசாக ஆடிய பல் பலருக்கு ஓரளவு உறுதிப்படும். எனாமல் தேய்ந்துவிடும் என்பதும் வீண் பயம். கருவி காரையைத்தான் அதிர வைத்துப் பெயர்க்கிறது. எனாமலைத் தேய்ப்பது நீங்கள் தினமும் போடும் உப்பும் கரியும்.

அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கரித்தூள், சாம்பல், செங்கல் பொடி, சொரசொரப்பான பல்பொடி எல்லாமே ஈறோரத்தில் பல்லை அறுத்துப் பள்ளம் போடும். கிராம்பு எண்ணெயை அப்படியே தடவினால் ஈறு வெந்து வெள்ளையாகும். ஊக்கு, ஈர்க்குச்சி கொண்டு குத்தவே கூடாது. எண்ணெய் கொப்பளிக்கப் பிடித்திருந்தால் கொப்பளியுங்கள், கெடுதலில்லை, துலக்குவதற்கு அது ஈடாகாது. வைட்டமின் சி மாத்திரை வேண்டாம், கொய்யாவும் நெல்லிக்காயும் சாப்பிடுகிற வீட்டில் அந்தக் குறை வருவது அபூர்வம். வாய் நாற்றத்துக்கும் காரணம் அந்தப் படலமும் காரையும்தான், தனியாக மருந்து தேட வேண்டாம்.

ஆன்டிபயாடிக் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் 'ஈறு வீக்கத்துக்கு ஒன்று குடுங்க' என்று கேட்டு மெட்ரோனிடசோலும் அமாக்சிசிலினும் மூன்று முறை விழுங்கியிருக்கிறீர்கள். காரையோடு ஒட்டியிருக்கும் படலத்துக்குள் அந்த மருந்து சரியாக நுழையாது. மேலாக நான்கு நாள் அடங்கும், நோயின் மூலம் அப்படியே இருக்கும், மாத்திரை தீர்ந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். உங்களுக்கு மூன்று முறையும் நடந்தது அதுதான். அந்த இடைப்பட்ட மாதங்களில் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தது. நாளைக்கு நிஜமாகவே ஒரு தொற்று வந்து அந்த மருந்து தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகவும் வழி செய்கிறீர்கள். சீட்டில்லாமல் இனி ஒரு மாத்திரை வாங்காதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் தினமும் செய்ய வேண்டும். 'சாஃப்ட்' என்று போட்ட சிறு தலை பிரஷ் வாங்குங்கள். பிரஷ்ஷின் நாரைப் பல்லின் நட்டநடுவில் வைக்காமல், பல்லும் ஈறும் சேருகிற கோட்டில், ஈறு பக்கம் பாதிச் சாய்வாக வையுங்கள். நார் நுனி ஈறுக்கு அடியில் ஒரு நூல் அளவு நுழைய வேண்டும். அங்கேயே சின்னச் சின்னதாக அசைத்துவிட்டு, ஈறிலிருந்து பல் பக்கமாக இழுத்து விடுங்கள். இரண்டு மூன்று பல்லாக நகருங்கள். கீழ் முன்பற்களின் உட்பக்கத்துக்கு பிரஷ்ஷை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள், பலருக்கு அந்த இடத்தில் பிரஷ் படுவதே இல்லை. மொத்தம் இரண்டு நிமிடம். ஃப்ளூரைடு உள்ள எந்தப் பேஸ்டும் போதும், பட்டாணி அளவு. காலையில் துலக்குவதைவிட இரவு படுக்கும் முன் துலக்குவது முக்கியம். உங்களுக்கு இடைவெளி இருப்பதால் பல்லிடுக்கில் நுழைக்கும் குட்டி பிரஷ் ஒன்றும் தேவை, எந்த அளவு என்று பல் மருத்துவர் பார்த்துச் சொல்வார். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். குளோரெக்சிடின் மவுத்வாஷ் மருத்துவர் சொன்னால் மட்டும், அதுவும் இரண்டு வாரத்துக்கு. நீட்டித்தால் பல் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும்.

எலும்பைத் தொடாத வெறும் ஈறு அழற்சியாக இருந்தால் இப்படித் துலக்கினாலே இரண்டு வாரத்தில் ரத்தம் நன்றாகக் குறையும். இதைப் படிக்கிற மற்றவர்கள் அந்த இரண்டு வாரத்தைத் தங்களுக்குக் கெடுவாக வைத்துக்கொள்ளலாம். பல்லில் இடைவெளி விழுந்துவிட்ட உங்களுக்கு அந்த இரண்டு வாரமும் கிடையாது. இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்கள் ஈறில் ரத்தம் வருகிறது என்று தாங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. காய்ச்சலோடு ஈறில் ரத்தம் வந்தால், முக்கியமாக மழைக்காலத்தில், பல் மருத்துவரைத் தேடாமல் அன்றைக்கே பொது மருத்துவரிடம் போக வேண்டும், டெங்குவாக இருக்கலாம்.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் கூடும்போது இருக்கிற கொஞ்சப் படலத்துக்கே ஈறு அதிகமாகச் சிவந்து ரத்தம் விடும். ஐந்தாம் மாதம் சுத்தம் செய்ய நல்ல சமயம், அழைத்துப் போங்கள். கணவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சிகரெட் ஈறின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிடும், அதனால் ரத்தம் வராது, ஈறு நன்றாக இருப்பது போலவே தெரியும். உள்ளே எலும்பு மற்றவர்களைவிட வேகமாகக் கரையும். ரத்தம் என்கிற எச்சரிக்கை உங்களுக்குக் கிடைத்தது, அவருக்கு அதுகூட இல்லை. அவரையும் காட்டுங்கள்.

இந்த வாரத்துக்குள் போங்கள். பக்கத்தில் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செலவு ஒரு தடையாக இருந்தால் அங்கே போகலாம். மெல்லிய அளவுகோல் ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி ஒவ்வொரு பல்லாக அளப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரை சரி, 4 அல்லது அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது என்று பொருள். எலும்பு எவ்வளவு மிச்சம் என்று எக்ஸ்ரேயில் தெரியும். உங்களுக்கு மேலோட்டமான சுத்தம் போதாது, மரத்துப் போக ஊசி போட்டு ஈறுக்கு அடியில் இறங்கிச் செய்ய வேண்டியிருக்கும் என்பது என் ஊகம். ஒரே நாளில் முடியாது, சில தடவை வரச் சொல்வார்கள். முடிந்து ஆறு எட்டு வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள், அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்வர வேண்டும். பாதியில் விட்டுவிடாதீர்கள்.

போகும் நாளில் வெறும் வயிற்றோடு போக வேண்டாம். காலையில் வழக்கம்போலச் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு, அந்தப் பரிசோதனைக் காகிதத்தையும் சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.