ஏழு மாதமாகியும் மாதவிலக்கு வரவில்லை, ஜாமு குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பிள்ளைக்கு ஏழு மாதம். தாய்ப்பால்தான் கொடுக்கிறேன், போன மாதம் கஞ்சியும் ஆரம்பித்தோம். பிரசவத்துக்குப் பிறகு இன்னும் மாதவிலக்கு வரவில்லை. கெட்ட இரத்தம் கர்ப்பப்பையிலேயே தங்கிவிட்டது என்று சொல்லி, தெரிந்த அக்கா ஒருவர் 280 ரிங்கிட்டுக்கு ஜாமு (மலாய் மூலிகை மருந்து) செட் வாங்கச் சொல்கிறார். மாமியாரும் வாங்கிக் குடி என்கிறார். குடிக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பிரசவத்துக்குப் பிறகு கழிய வேண்டியது நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் கழிந்துவிடும். ஏழு மாதம் தேங்கிக் கிடக்கக் கர்ப்பப்பை என்ன குளமா?

பிள்ளை பால் குடிக்கும்போதெல்லாம் உங்கள் மூளையிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூங்க வைத்துவிடும். முட்டை வராவிட்டால் கர்ப்பப்பையின் உள்தோல் வளராது, வளராதது உதிராது. புட்டிப்பால் கொடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு, எட்டு வாரத்தில் வந்துவிடும். உங்களைப் போலப் பால் கொடுப்பவர்களுக்கு ஒரு வருடம் தாண்டுவதும் உண்டு.

என் கவலை வேறு. முதல் மாதவிலக்குக்கு முன்பே முட்டை வந்துவிடலாம். மாதவிலக்கு வராமல், வேறு எதுவும் கொடுக்காமல் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும்வரை, அதுவும் முதல் ஆறு மாதம் மட்டும்தான், கரு தங்காது என்று ஓரளவு நம்பலாம். உங்களுக்கு ஆறு மாதமும் தாண்டிவிட்டது, கஞ்சியும் ஆரம்பித்துவிட்டீர்கள். எனவே முதலில் ஃபார்மசியில் ஒரு சிறுநீர் டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். ஒருவேளை முழுகாமல் இருந்தால், "இரத்தத்தை இறக்கும்" மருந்து எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்த அக்காவிடம் கேளுங்கள்.

இந்த ஜாமு செட்டுகளோடு எனக்குப் பழைய பகை. போன மாதம் ஒரு பெண் பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்த டப்பாவில் ‘மால்’ (MAL) என்ற அரசாங்க மருந்துப் பதிவெண் இருந்தது. பதிவான மருந்தில் ஒட்டியிருக்க வேண்டிய ஹோலோகிராம் ஸ்டிக்கர் இல்லை. எண்ணை அரசாங்கத்தின் மருந்துப் பதிவுத் தளத்தில் தட்டிப் பார்த்தால், அது வேறு ஏதோ இருமல் மருந்தின் எண்! பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபடுவது இந்த நாட்டில் புதிதல்ல. குடித்ததும் உடம்பு தெம்பாக இருப்பது அதனால்தான். பாலில் இறங்கினால் குடிப்பது உங்கள் பிள்ளை.

இன்னொன்று, அவசியம் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு அரசாங்க கிளினிக்கில் கையிலோ இடுப்பிலோ ஊசி போட்டார்களா? மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் குடும்பக் கட்டுப்பாட்டு ஊசியாக இருக்கலாம். ‘டெப்போ’ என்பார்கள். அதைப் போட்டால் மாதவிலக்கு நின்றுபோவது சகஜம். நிறுத்திய பிறகும் பழையபடி வர ஒரு வருடம்கூட ஆகலாம். எதற்கு ஊசி என்றே தெரியாமல் போட்டுக்கொண்டு வந்தவர்களை எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்! மிஸி (நர்ஸ்) மலாயில் மளமளவென்று சொல்வார், இவர்கள் தலையாட்டுவார்கள். கர்ப்பத்தின்போது கிளினிக்கில் கொடுத்த பிங்க் புத்தகத்தைப் புரட்டுங்கள், தேதியோடு எழுதியிருக்கலாம். புரியாவிட்டால் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது காட்டிக் கேளுங்கள். பிரசவமாகி ஒரு மாதச் செக்கப் முடிந்ததும் அங்கே எல்லோருக்கும் பிள்ளையின் எடைதான் கணக்கு. தாயைப் பற்றி நாம்தான் வாய் திறக்க வேண்டும்.

பால் கொடுப்பதை நிறுத்தி மூன்று மாதமாகியும் வராவிட்டால் டாக்டரைப் பாருங்கள். அதுவரை பொறுங்கள். வரும்போது முதல் இரண்டு, மூன்று தடவை தேதி முன்பின்னாகும், கொஞ்சம் கூடுதலாகவும் போகும். ஆனால் மணிக்கு ஒரு பேட் முழுதாக நனைந்து, அது இரண்டு மணி நேரம் நீடித்தால், கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்காராமல் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.