அகதியும் அம்மனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஐரோப்பாவில் தஞ்சம் கேட்டு நிற்கும் நம்மவர்கள் போன இடமெல்லாம் கோயில் கட்டுகிறார்கள். காப்பாற்றாத சாமிக்கு எதற்குத் தேர்? விசாவுக்காக மதம் மாறுகிறவர்களும் உண்டு. இதெல்லாம் உண்மையான பக்திதானா?

குமரன், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள குமரன்,

உங்கள் கடிதத்தில் கேலி இல்லை, வருத்தம்தான் தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மதம் மாறுகிறவர்களை விடுங்கள். பொய் சொல்கிறவர்களும் இருப்பார்கள், விசாரிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள்.

ஆனால் ‘காப்பாற்றாத சாமி’ என்று எழுதினீர்களே, அது கோபமூட்டியது. 1995 ஜூலையில் யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள் மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டது, நூற்றுக்கு மேல் செத்தார்கள். அங்கே பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு உங்கள் கேள்வி புதிதா? கடவுளோடு சண்டை போட்டு, திட்டித் தீர்த்து, அப்புறமும் மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் அவர்கள். ஈசூனில் உட்கார்ந்துகொண்டு நீங்களும் நானும் அவர்களுக்குப் பகுத்தறிவு சொல்லித் தர வேண்டாம்.

ஜெர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குத் தேர்த்திருவிழா சமயம் போயிருக்கிறேன். அகதியாக வந்த குருக்கள் சின்னதாகத் தொடங்கியது, 2002இல் கோபுரத்தோடு குடமுழுக்கு கண்டது. சுற்றிலும் தொழிற்பேட்டை. தேருக்கு முந்தின நாள் அன்னதானத்துக்கு எங்கள் உறவுக்காரப் பையன் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய தஞ்ச வழக்கு முடியவில்லை, வேலை செய்ய அனுமதி இல்லை. முகாமில் சாப்பிடுவது, படுப்பது, தபாலுக்குக் காத்திருப்பது, செவ்வாய்க்கும் ஞாயிறுக்கும் வித்தியாசம் கிடையாது. இங்கே ஒரு அண்ணர் வந்து, “தம்பி, இன்னும் ஒரு குவியல் கிடக்கு, கெதியா வெட்டு!” என்று அதட்டினார். பையனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! அவனை நம்பியும் ஒரு வேலை இருக்கிறதே. விசாரணைக்கு வரச்சொன்ன கடிதத்தை அம்மன் காலடியில் வைத்து வாங்கியிருந்தான், கவரின் ஓரமெல்லாம் குங்குமம். அதே கடிதத்தோடுதான் அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தான்.

சாமி காப்பாற்றியதா என்று கேட்கிறீர்கள். வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள், சதுர்த்தி என்று ஒரு நாள், அன்றைக்குக் குளித்து வேட்டி கட்டிப் போக ஓர் இடம், அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை ஏவ நாலு பேர். மாதக்கணக்கில் காத்திருக்கிறவனைப் பைத்தியம் பிடிக்காமல் வைத்திருப்பது இதுதான், குமரன்.

நம்மூர் சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலை வளர்த்த யாழ்ப்பாணத்தார் உத்தியோகம் பார்க்க வந்தவர்கள். திரும்பிப் போக அவர்களுக்கு ஊர் இருந்தது. அவர்கள் கட்டினால் பண்பாடு, அகதி கட்டினால் மட்டும் ‘எதற்குத் தேர்’ என்று கேட்போமா?

அன்புடன்