ரிமாண்ட் செய்வது யார்? வக்கீல் பதில்கள்

கே: 15 நாள் ரிமாண்ட் முடிந்ததும் விட்டுவிடுவார்களா?

மாட்டார்கள். ரிமாண்ட் என்பது கைதானவரைக் காவலில் வைக்கும் உத்தரவு. அதை நீட்டிப்பார்கள். ஒரு தடவைக்கு 15 நாள், அவ்வளவுதான்.

கே: என் தம்பியைப் போலீஸ் ரிமாண்ட் செய்து புழலில் போட்டுவிட்டது. ஸ்டேஷனில் யாரைப் பார்த்தால் ரத்தாகும்?

ஒருவரையும் பார்க்க வேண்டாம். ரிமாண்ட் செய்யும் அதிகாரமே போலீஸுக்குக் கிடையாது. கைது செய்து, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. ரிமாண்ட் செய்வது மாஜிஸ்ட்ரேட். மறுக்கவும் அவரால் முடியும். 'போலீஸார் ரிமாண்ட் செய்தனர்' என்று செய்தியில் படித்துப் படித்து, குடும்பமே ஸ்டேஷன் வாசலில் கிடக்கிறது. வக்கீலோ மறுநாள்தான் வருகிறார். ராத்திரி மாஜிஸ்ட்ரேட் வீட்டில் ஆஜர்படுத்தினாலும் வக்கீல் அங்கே நிற்க வேண்டும். அடித்தார்களா, கைதுக்கான காரணத்தை எழுத்தில் தந்தார்களா, இதையெல்லாம் சொல்ல அதுதான் நேரம். ஏழு வருஷத்துக்கு உட்பட்ட தண்டனை என்றால், விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் தராமல் கைது எதற்கு என்றும் கேட்க வேண்டும். காரணம் எழுதாமல் ரிமாண்ட் செய்தால் மாஜிஸ்ட்ரேட் மீதே துறை நடவடிக்கை வரும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்க ஆள் இல்லாவிட்டால் தீர்ப்பு இருந்து என்ன பயன்? எந்தப் பிரிவு, என்ன தேதி என்று நீங்களும் எழுதவில்லை. ஜாமீன் மனு போடுங்கள்.

கே: இரண்டு மாதம் தாண்டியும் குற்றப்பத்திரிகை வரவில்லை. தானாக ஜாமீன் உண்டா?

தானாக எதுவும் வராது. மனு போட வேண்டும். பத்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய வழக்கென்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60. வணிக அளவு கஞ்சா என்றால் 180. கைதான நாளை விடுங்கள். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ணுங்கள். மனுவுக்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் போச்சு. இவரும் பிரிவை எழுதவில்லை!

கே: அரசு ஊழியர் நான். மூன்று நாள் ரிமாண்டில் இருந்தேன். ஆபீசுக்குச் சொல்ல வேண்டுமா?

48 மணி நேரம் தாண்டினாலே சஸ்பெண்ட் ஆனதாகத்தான் கணக்கு. மறைத்தால் இன்னொரு குற்றச்சாட்டு சேரும்.

கே: குண்டாஸில் (குண்டர் தடுப்புச் சட்டத்தில்) டிடெய்ன் செய்திருக்கிறார்கள். ஜாமீன் எப்போது?

இதற்கு ஜாமீன் கிடையாது. இது ரிமாண்ட் இல்லை. கலெக்டரோ கமிஷனரோ போடும் உத்தரவு, 12 மாதம் வரை போகும். ஆலோசனைக் குழுமத்தில் முறையிடுங்கள், ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடுங்கள். உத்தரவு நகலில் உள்ள தேதிகளைச் சரிபாருங்கள்.

கே: ரிமாண்டில் இருந்த நாள் தண்டனையில் கழியுமா?

கழியும், அதே வழக்கென்றால்.