இழுவலையை விட்டுச் சூரைத் தூண்டிலுக்கு மாறலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் காசிமேடு. அப்பாவுக்கு ஒரு இழுவலை விசைப்படகு இருக்கிறது. பிடிக்கிற மீன் டீசலுக்கே பத்தவில்லை. மாலத்தீவில் வலையே போடாமல், தூண்டிலில் சூரை மீன் (டூனா) பிடித்து வெளிநாட்டுக்கு விற்கிறார்களாமே. நாங்களும் அப்படி மாறலாமா?

மாறலாம் தம்பி. ஆனால் மாலத்தீவுத் தூண்டில் நம் கடலுக்கு ஒத்துவராது.

அங்கே முதலில் பவளத்திட்டுப் பக்கம் பொடிமீனை உயிரோடு பிடித்துப் படகின் தொட்டியில் விட்டுக்கொள்கிறார்கள். சூரைக் கூட்டம் தென்பட்டதும் அதை அள்ளி வீசி, தண்ணீரையும் பீய்ச்சியடித்து, கூட்டத்தைப் படகோரம் வரவழைக்கிறார்கள். பின்பக்கம் வரிசையாக நிற்பவர்கள் கழியால் ஒவ்வொரு மீனாகத் தூக்குகிறார்கள். லட்சத்தீவின் மினிக்காயிலும் இதே முறைதான். இவ்வளவு பொடிமீன் தர நம் சென்னைக் கரையில் பவளத்திட்டு கிடையாது. எண்ணூர்க் கழிமுகத்தில் அள்ளலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அங்கே கையால் இறால் தடவிப் பிழைக்கிறவர்களின் பாடு ஏற்கெனவே பெரும்பாடு.

உங்களுக்குப் பொருந்துவது ஆயிரங்கால் தூண்டில். நீளமான தாய்க்கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்களைத் தொங்கவிட்டு ஆழ்கடலில் மிதக்கவிடுவது. குமரி மாவட்டத் தூத்தூர்க்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். படகில் கைவைக்கும் முன் அவர்களோடு இரண்டு மூன்று நடை ஆளாகப் போய்வாருங்கள். வாரக்கணக்கில் கடலில் கிடக்க உடம்பும் வீடும் ஒத்துவருமா என்று அங்கேதான் தெரியும்.

பணத்திலும் நிதானம் வேண்டும். 2017இல் இழுவலையை விட்டு ஆழ்கடலுக்கு மாறப் பாக் நீரிணை மாவட்டங்களுக்கு வந்த திட்டத்தில் 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு 70 சதவீதம் மானியம். அப்படியும் 16 லட்சம் வங்கிக் கடன், 8 லட்சம் சொந்தப் பணம். சென்னைக்கு இப்போது என்ன உண்டு என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், தரகர் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாலத்தீவிடம் நாம் கற்க வேண்டியது, பிடித்த மீனை வைத்துக்கொள்ளும் பக்குவம். சமீபத்தில் காசிமேட்டு ஏலத்தில் ஒரு பெரிய சூரையின் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி அப்படியே நின்றது. கூடை நிறைய மீன், மேலே ஒப்புக்கு ஒரு கை ஐஸ். எத்தனை பேர் உழைப்பு அது! மனசு கேட்கவில்லை. சூரையின் உடம்பு மற்ற மீன்களைவிடச் சூடு. படகில் ஏற்றிய உடனே ரத்தத்தை வடித்து, செவுளையும் குடலையும் எடுத்து, வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணிக்க வேண்டும். 4 டிகிரிக்கு மேல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு சேரும். சமைத்தாலும் அது போகாது. சோதனையில் தெரிந்தால் மொத்தச் சரக்கும் திரும்பிவிடும். அதனால் செலவழிக்க இருக்கிற காசை முதலில் ஐஸ் அறைக்குப் போடுங்கள், எஞ்சினுக்கு அப்புறம்.

இன்னொன்று, அங்கே கட்டுப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான். சூரைக்கு வலை போடக்கூடாது என்றால் யாருமே போடக்கூடாது. 2010இல் சுறா பிடிப்பதையும் நிறுத்தினார்கள். கடலை அழிக்காமல் பிடித்த மீன் என்பதற்கான எம்.எஸ்.சி. சான்று 2012இல் அவர்களின் வரிச்சூரைக்குக் கிடைத்தது. இங்கே நீங்கள் ஒருவர் மாறினால் அந்த முத்திரை வந்துவிடாது. பத்துப் படகாவது சேர்ந்து ஒரே மாதிரி பிடித்து, ஒரே மாதிரி ஐஸ் வைத்தால் ஏற்றுமதிக்காரரிடம் விலை பேச வாய் இருக்கும். முள்ளும் வட்ட முள்ளாகவே வாங்குங்கள், பங்குனி ஆமை அதை விழுங்குவது குறைவு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு சும்மாதானே நிற்கும். அதற்கு முன்பே ராயபுரத்தில் உள்ள சிஃப்நெட் (மத்திய அரசின் மீன்பிடிப் பயிற்சி நிலையம்) கிளைக்குப் போய்ப் பயிற்சி எப்போது என்று விசாரித்து வையுங்கள். அப்பாவின் டிரைவரையும் கூட்டிப்போங்கள். நாளைக்கு அந்தக் கயிற்றை விடப்போகிறவர் அவர்தான்.