ஜவ்வு ஆபரேஷனுக்கு நகையை விற்கலாமா?

கேள்வி: நாங்கள் மதுரை அவனியாபுரத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 41 வயது. மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். சம்பளம் 17,800 ரூபாய். இரண்டு மாதமாக இடுப்பில் கிளம்பும் வலி இடது பாதம் வரை இழுக்கிறது. முதுகுத்தண்டில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. தனியார் மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு 2 லட்சம் ஆகும் என்கிறார்கள். என் 9 பவுன் நகையை விற்பதா, மகளின் கல்லூரிக்குப் போட்ட 1.5 லட்சம் டெபாசிட்டை உடைப்பதா, பர்சனல் லோன் வாங்குவதா?

பதில்: சகோதரி, மூன்றையும் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு உங்கள் கணவரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) என்று 134 ரூபாய் பிடித்திருக்கிறார்களா? 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். இஎஸ்ஐ என்றாலே காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கும் இடம் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதுகுத்தண்டு ஆபரேஷனும் அதில் உண்டு.

அவருக்கான இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அங்கிருந்து தத்தனேரி இஎஸ்ஐ மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே செய்ய முடியாத சிகிச்சை என்றால் அவர்களே வேறு மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார்கள். இந்த வரிசையை மீறாதீர்கள். நீங்களாகத் தனியாரில் சேர்த்துவிட்டு அப்புறம் பில்லை நீட்டினால், அவசர சிகிச்சை தவிர மற்றதற்குப் பணம் வாங்குவது பெரும்பாடு.

அதைவிட, நீங்கள் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று இருக்கிறது: அவர் வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளம். ஆறு மாதத் தவணையில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், இஎஸ்ஐ மருத்துவரின் சான்றிதழோடு, சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். உங்கள் கணவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 415 ரூபாய். வீட்டு அரிசி பருப்புக்கு இது பெரிய தாங்கல்.

'இந்த அலைச்சலுக்குள் முதுகு கெட்டுப்போகாதா?' என்ற பயம் உங்களுக்கு இருக்கும். நெதர்லாந்தில் 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்குத் தைரியம் தந்தது. ஜவ்வு பிதுங்கி ஆறு முதல் பன்னிரண்டு வாரம் காலில் கடும் வலியோடு இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன். மறு பாதிக்கு மருந்தும் பயிற்சியும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். உடனே செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி சீக்கிரம் விட்டது, உண்மைதான். ஆனால் ஒரு வருடம் கழித்து இரு பக்கமும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் அந்த வருடத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. அதனால் பிசியோதெரபி பார்த்துக்கொண்டே இஎஸ்ஐ வேலையை முடிக்க அவகாசம் உண்டா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனை. அப்போது பணத்தைப் பார்க்க வேண்டாம். ராஜாஜி அரசு மருத்துவமனை இருக்கிறது. தனியாருக்கே போக நேர்ந்தால் நகையை வங்கியில் அடகு வையுங்கள், விற்காதீர்கள். அடகு வைத்த நகையை மீட்கலாம். விற்ற 9 பவுனை இந்தச் சம்பளத்தில் திரும்ப வாங்குவது கனவுதான்.

பர்சனல் லோன் வேண்டவே வேண்டாம். 2 லட்சத்துக்கு 15 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 6,930 ரூபாய். 17,800-இல் அது போனால் மிச்சத்தில் எப்படிக் குடும்பம் நடத்துவீர்கள்? மகளின் டெபாசிட்டையும் தொடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 2,13,600 வருகிறது. புதிதாகத் தனியார் பாலிசி எடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஸ்கேனை மறைத்து எடுக்கலாம் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் கேட்காதீர்கள், க்ளெய்ம் நிராகரிக்கப்படும்.

சம்பளச் சீட்டில் பிடித்தமே இல்லை என்றால் இஎஸ்ஐ அலுவலகத்தில் மனு கொடுங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடை என்றால் அது முதலாளி செய்யும் உபகாரம் இல்லை, சட்டம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் வந்துவிட்டது. அவர் வேலைக்குத் திரும்பும் முதல் நாளே ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கட்டும்.