சோமாலியாவுக்கு விமானம் ஓட்டப் போகிறேன் என்று மகன் நிற்கிறான், என்ன செய்வது?

சார், உங்கள் மெயிலை ரெண்டு தடவை படித்தேன். தம்பி சிபிஎல் (வணிக பைலட் உரிமம்) முடித்து ரெண்டு வருடம், கையில் 220 மணி நேரம் பறந்த அனுபவம், இங்கே எந்த ஏர்லைன்ஸும் கூப்பிடவில்லை. கென்யாவில் நைரோபியில் ஒரு சின்னக் கம்பெனி கேரவன் என்ற சிறிய விமானத்தை ஓட்டக் கூப்பிடுகிறது, ஆனால் போக வேண்டியது சோமாலியாவுக்கும் தெற்கு சூடானுக்கும். ஏடிபிஎல் (ஏர்லைன்ஸ் கேப்டனுக்கான உரிமம்) வாங்க 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்கிறபோது அவன் துடிப்பதில் தப்பே இல்லை.

நீங்கள் தீவிரவாதிகளை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அதைவிட, விமானம் வருகிற தகவல் கீழே துப்பாக்கியோடு நிற்பவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் பயம். 2020 மே 4, கொரோனா நேரம், மருந்துப் பொருட்களோடு ஒரு எம்ப்ரேயர் 120 விமானம் சோமாலியாவில் பைடோவா வழியாக பர்தாலே என்ற ஊருக்கு வந்தது. ஓடுதளத்தை நெருங்கும்போது சுட்டு வீழ்த்திவிட்டார்கள், ஆறு பேரும் போய்விட்டார்கள். சுட்டது அங்கே காவலுக்கு இருந்த எத்தியோப்பிய ராணுவம். தாழ்வாக, வழக்கத்துக்கு மாறாக வந்ததால் தற்கொலைத் தாக்குதல் என்று நினைத்தார்களாம், விமானம் வரப்போவதே அவர்களுக்குத் தெரியாதாம்! 1988 டிசம்பரிலும் இதே கதைதான். வெட்டுக்கிளி ஒழிப்பு வேலைக்காக செனகலிலிருந்து மொராக்கோ போன ரெண்டு டிசி-7 விமானங்களை, மேற்கு சஹாராவில் தனி நாடு கேட்டு மொராக்கோவோடு சண்டை போட்ட பொலிசாரியோ போராளிகள் ராணுவ விமானம் என்று நினைத்துச் சுட்டார்கள். ஒன்று விழுந்து 5 பேர் இறந்தார்கள், இன்னொன்று அடிபட்டபடியே எப்படியோ தரையிறங்கியது.

கேரவனில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயரத்தில் மூச்சுவிடத் தேவையான காற்றழுத்த வசதி கேபினில் கிடையாது, அதனால் பெரும்பாலும் 10,000, 12,000 அடியில்தான் பறக்கும், தோளில் வைத்துச் சுடுகிற ஏவுகணைக்கு அது எட்டுகிற உயரம்தான். இறங்கும்போதோ ஏவுகணைகூட வேண்டாம், துப்பாக்கியே போதும்.

அதனால் தம்பியை அந்தக் கம்பெனியிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள்: போகிற ஊரில் ஓடுதளம் யார் கையில் இருக்கிறது, கிளம்பும் முன் அவர்களிடம் யார் பேசுவது, "இன்றைக்குப் போக மாட்டேன்" என்று பைலட் சொன்னால் என்ன ஆகும். இதற்கெல்லாம் மழுப்பினால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அப்புறம் இன்சூரன்ஸ். சாதாரண விமானக் காப்பீட்டில் போர், கடத்தல் எல்லாம் விலக்குதான், அதாவது அதற்கெல்லாம் பணம் வராது, போர் அபாயத்துக்குத் தனியாக பாலிசி எடுக்க வேண்டும், பைலட்டுக்கான விபத்துக் காப்பீட்டிலும் அதே விலக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போன வருடம் ஒரு பையன் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் மூன்றாம் பக்கம் பொடி எழுத்தில் அந்த விலக்கு இருந்தது, அதற்கு அடுத்த வரியிலேயே, பயணத்தை மறுத்தால் சம்பளம் பிடிப்போம் என்றும்! அவன் சம்பளத் தொகையை மட்டும் மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தான்.

என்னைக் கேட்டால், முதல் வருடம் கென்யாவுக்குள்ளேயே ஓட்டட்டும். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மசாய் மாராவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போவதும் இதே கேரவன்தான், மணி நேரம் அங்கேயும் ஏறும். சம்பளம் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு ஐநாவின் மனிதாபிமான விமான சேவைக்கு ஓட்டும் கம்பெனி ஏதாவது எடுத்தால் மறுபடி பேசலாம்.

ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லைதானே? எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இன்சூரன்ஸ் பக்கம் விட்டுப்போக வேண்டாம்.